தகர டப்பாவில் இருந்த தங்கம்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, "இலக்கியம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நீங்கள் கம்ப்யூட்டர், செல்போன் பற்றி ஏதாவது எழுதுங்கள்" என்றார்கள். எனக்கும் அதுதான் சௌகரியம். பெங்களூரில் முப்பது வருடமாகக் கணினி பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் எந்த செல்போன் வாங்கலாம், கேமராவில் எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்று எழுதினால், மலர் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அந்த மாடலே கடையில் இருக்காது. ஆகையால் பழைய செல்போனைப் பற்றி எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல், ஸ்கெலட்டன். பெயரைச் சொன்னால் பெங்களூரில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். "எலும்புக்கூடா சார் உங்க ஊரு?" என்று கேட்காதவர் குறைவு. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன், கொரமண்டல் என்று வெள்ளைக்காரன் காலத்துப் பெயர்களோடு வாழ்ந்து பழகிய எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரிவதில்லை. லைன் வீட்டில் இன்னமும் அம்மா இருக்கிறாள். அக்கா குடும்பமும் கூட இருக்கிறது. போகிக்கு ஊருக்குப் போய் வீட்டை ஒழிக்கும்போது பரண்மேல் ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. திறந்தால் உள்ளே பதினொரு செல்போன். குடும்பத்தில் ஒவ்வொருவரும் புதுசு வாங்கும்போது பழசை "இருக்கட்டும்" என்று போட்டு வைத்தது. அதில் மூத்தது எங்கள் நைனா வைத்திருந்த நோக்கியா 1100. 2003-இல் வந்த மாடல், தலையில் டார்ச் விளக்கு உள்ளது. உலகம் முழுதும் 25 கோடிக்கு மேல் விற்றது. உங்களில் பலர் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும்.

அக்கா மகன் டப்பாவைப் பார்த்ததும் ஓடி வந்தான். ஐ.டி.ஐ. படித்துவிட்டு, மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய் வருகிற பையன்.

"மாமா, இத குஜிரிக் கடைக்குப் போட்றாதீங்க. உள்ள தங்கம் இருக்குது."

"யார் சொன்னது?"

"வீடியோல காட்றாங்க மாமா. ஆசிட்ல போட்டா அடியில தங்கம் நிக்குது. நம்ம மைன்ஸ் கல்லுல இருந்தத விட இதுல ஜாஸ்தியாம்."

பையன் சொன்னது பொய்யல்ல. சொல்லப்போனால் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதனால்தான் எனக்குக் கவலை வந்தது.

முதலில் செல்போனுக்குள் தங்கம் எதற்கு என்று பார்ப்போம். மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதில் தங்கத்துக்கு மூன்றாவது இடம்தான். வெள்ளி முதல், செம்பு இரண்டாவது. ஆனால் வெள்ளிக் கொலுசு கறுத்துப் போகிறது, செம்புச் சொம்பு புளி போட்டுத் தேய்க்காவிட்டால் களிம்பேறுகிறது. தங்கம் அப்படியே இருக்கிறது. செல்போனிலும் கணினியிலும் ஓடுகிற மின்னழுத்தம் மிகச் சிறியது. இரண்டு உலோகம் தொட்டுக்கொள்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு களிம்பு படிந்தாலும் சமிக்ஞை நின்றுவிடும். ஆகவே தொடுகிற இடங்களில் மட்டும் தங்க முலாம் பூசுகிறார்கள். அதுவும் நேராகச் செம்பின்மேல் பூசினால் நாளடைவில் தங்கம் செம்புக்குள் இறங்கிவிடும் என்று, நடுவில் நிக்கல் ஒரு படலம். தங்கத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே, அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து அதில் ஒன்றுக்கும் குறைவு.

உங்கள் சிம் கார்டின் மஞ்சள் முகம் அதுதான். கணினியின் ராம் பலகையின் ஓரத்தில் வரிசையாக மஞ்சள் பல் மாதிரி இருக்கிறதே, அதுவும் அதுதான். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு: கணினி எழுந்திருக்கவில்லை என்றால் ராமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அந்தப் பல்லைத் தேய்த்து மறுபடி செருகுவோம். பாதிக் கேஸ் அதிலேயே சரியாகிவிடும். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் தங்கத்தையும் தேய்த்து ஊதித் தள்ளியிருக்கிறேன் என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. இது தவிர, சில்லுக்குள்ளிருந்து வெளிக்கால்களுக்குப் போகிற கம்பிகள் இருக்கின்றன. தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியவை. அவை வெகுகாலம் தங்கத்தில்தான் இருந்தன. தங்கம் விலை ஏற ஏற, அந்த இடத்தில் செம்புக் கம்பி போட ஆரம்பித்துவிட்டார்கள். பழைய கணினிகளில் தங்கம் கூடுதல், புதியவற்றில் குறைவு என்று பழைய சாமான் வியாபாரிகள் சொல்வதற்குக் காரணம் இதுதான். 1995-இல் வந்த பென்டியம் புரோ சில்லைக் கண்டால் அவர்கள் விடமாட்டார்கள்.

சரி, எவ்வளவு இருக்கிறது? அமெரிக்க அரசின் நிலவியல் துறை 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அக்காலத்துச் சராசரி செல்போன், பேட்டரி நீங்கலாக, 113 கிராம். அதில் செம்பு 16 கிராம், வெள்ளி 0.35 கிராம், தங்கம் 0.034 கிராம், பல்லேடியம் 0.015 கிராம். அப்படி ஒரு டன் செல்போன் சேர்த்தால், ஏறத்தாழ 8,850 போன், அதில் 300 கிராம் தங்கம்.

இனி நம் ஊர்க் கணக்கு. ஒரு டன் கல்லுக்கு எத்தனை கிராம் என்பது தங்கவயலில் ஒவ்வொரு வீட்டிலும் புழங்கிய பேச்சு. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது வரை, சுமார் 5 கோடி டன் கல் மேலே வந்தது. அதில் கிடைத்த தங்கம் சுமார் 800 டன். வகுத்துப் பாருங்கள், டன்னுக்கு 16 கிராம். அது சராசரி. ஆரம்ப நாளில் இதைவிட அதிகம். கடைசிக் காலத்தில் மூன்று நான்கு கிராமாகத் தேய்ந்துவிட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, கல்லைத் தொட்டால் கை சுடுகிற ஆழத்தில் போய்க் கொண்டுவந்தது அந்த மூன்று நான்கு கிராம்.

ஆக, ஒரு டன் செல்போன் நம் சராசரிக் கல்லைவிடப் பதினெட்டு, இருபது மடங்கு உசத்தி. கடைசிக் காலத்துக் கல்லோடு பார்த்தால் எண்பது, நூறு மடங்கு. பையன் சொன்னது சரிதானே? பரணில் இருந்த டப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு போனும் சேர்ந்து ஒன்றேகால் கிலோ. அதற்குள் 0.37 கிராம் தங்கம். இதே தங்கத்தை நைனா காலத்துக் கடைசிக் கல்லில் எடுக்க ஒரு குவிண்டாலுக்கு மேல் உடைத்திருக்க வேண்டும்.

ஆனால் 0.37 கிராம் என்பது என்ன? ஒரு சின்ன மூக்குத்தி. கணக்குக்காகக் கிராம் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூவாயிரத்து எழுநூறு ரூபாய். ஒரு சவரன் சேர்க்க 235 போன் வேண்டும். அதுவும் 2006-ஆம் ஆண்டுப் போன். இன்றைய போனில் எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

இங்கேதான் வீடியோக்காரர்கள் சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. தங்கம் எத்தனை கிராம் இருக்கிறது என்பது மட்டும் சுரங்கம் ஆகாது. அது ஓரிடத்தில் கூடிக் கிடக்க வேண்டும். இதை விளக்க நம் ஊரிலேயே உதாரணம் கண்ணெதிரே நிற்கிறது: சயனைட் மலை. கல்லை மாவாக அரைத்து, பாதரசத்திலும் பிறகு சயனைட் கரைசலிலும் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டான மேடுகள். மொத்தம் 13 மேடு, சுமார் 3.3 கோடி டன் மண். ஆடி மாதக் காற்றில் அந்த மண் பறந்து வந்து சோற்றில் விழும். தங்கவயல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மண்ணில் டன்னுக்கு ஒரு கிராம்கூடக் கிடையாது. அப்படியிருந்தும் அதை மறுபடி அலசித் தங்கம் எடுக்க மத்திய அரசு திட்டமிட்டு, 1,003 ஏக்கரில் உள்ள அந்த மேடுகளுக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் சம்மதம் கொடுத்தது. டன்னுக்கு 300 கிராம் உள்ள செல்போனை விட்டுவிட்டு ஒரு கிராம் இல்லாத மண்ணுக்குப் போவானேன்? மண் ஓரிடத்தில் இருக்கிறது. அரைத்தும் வைத்திருக்கிறது. செல்போனோ லட்சோபலட்சம் பரண்களில், ஒவ்வொரு வீட்டிலும் பத்து பத்தாகக் கிடக்கிறது.

ஜப்பான்காரர்கள் அதையும் திரட்டிக் காட்டினார்கள். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்கள் முழுவதையும் பழைய மின்னணுப் பொருளிலிருந்தே செய்வது என்று தீர்மானித்து, 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை நாடெங்கும் சேகரித்தார்கள். 62 லட்சம் செல்போன் வந்தது. மற்ற சாமான்களும் சேர்த்து ஏறக்குறைய 79,000 டன். ஐயாயிரம் பதக்கத்துக்கு வேண்டியது கிடைத்தது, பெருமைதான். அதில் தங்கம் எவ்வளவு? 32 கிலோ. ஒரு தேசம் முழுக்க இரண்டு வருடம் பாடுபட்டது. தங்கவயல் தன் 120 வருடச் சராசரியில் நாளொன்றுக்குப் பதினெட்டு கிலோ எடுத்தது. அதாவது இரண்டு நாள் வேலைகூட இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் ஊர்ப் பெருமை வருகிறது, மன்னிக்கவும்.

பெரிய அளவில் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால், பெல்ஜியத்தில் ஹோபோகன் என்ற ஊரில் உமிகோர் நிறுவனம் பலகைகளை உலையில் உருக்குகிறது. உருகிய செம்பு, தங்கம், வெள்ளி, பல்லேடியம் எல்லாவற்றையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். மொத்தம் பதினேழு உலோகம். வெளிவரும் புகையைக் கழுவிச் சுத்தம் செய்வதற்கென்றே தனி எந்திரங்கள். பிரிட்டனில் நாணயம் அடிக்கிற ராயல் மின்ட், நாணயத் தேவை குறைந்துபோனதால், வேல்ஸில் 2024-இல் பலகைகளிலிருந்து தங்கம் எடுக்கும் ஆலையைத் திறந்தது. அங்கே உலை இல்லாமல் சாதாரண வெப்பத்திலேயே ஒரு திரவத்தில் தங்கத்தை மட்டும் கரைக்கிறார்கள். நம் பெங்களூர் ரொம்பப் பின்தங்கிவிடவில்லை. தும்கூர் சாலையில் டாபஸ்பேட்டையில் 2005-இல் தொடங்கிய இ-பரிசரா, இந்தியாவில் அரசு அனுமதியோடு முறையாக நடந்த முதல் மின்கழிவு ஆலைகளில் ஒன்று.

முறையாகப் போவது கொஞ்சம்தான். ஐக்கிய நாடுகள் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகப் பதிவானது நூற்றுக்கு 22 பங்கு. மிச்சம்? பரணில் கொஞ்சம், குப்பையில் கொஞ்சம், டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில் சந்து வீடுகளில் கொஞ்சம். அங்கே சுத்தியல், அடுப்பு, ஆசிட் வாளி, இவைதான் ஆலை. சீனாவின் குய்யூ என்ற ஊர் இதற்குப் பெயர் போனது. அங்கே 165 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள்; 135 குழந்தைகளுக்கு ஈயம் ஆபத்தான அளவுக்கு மேல் இருந்தது. 2006-க்கு முந்தைய பலகைகளில் பற்றவைக்கும் ஈயத்தில், பெயருக்கேற்ப, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈயமே. அந்த ஆண்டு ஜூலையில் ஐரோப்பா தடை செய்த பிறகுதான் குறைந்தது. பரணில் இருக்கிற பழைய போன் பெரும்பாலும் அதற்கு முந்தையதாகவோ அதை ஒட்டியதாகவோ இருக்கும்.

இவ்வளவும் அக்கா மகனுக்குச் சொன்னேனா என்றால், சொன்னேன். கேட்டுக்கொண்டான். நான் பெங்களூர் வந்து மூன்று வாரம் கழித்து இரவு பதினொரு மணிக்கு அக்கா போன் செய்தாள். பையனுக்கு மூச்சு இரைக்கிறது என்று.

நடந்தது இதுதான். வேலை செய்கிற இடத்தில் கழித்துப் போட்ட ராம் பலகைகள் கொஞ்சம் கொண்டு வந்திருக்கிறான். நகைப் பட்டறைக்கு விற்கிற நைட்ரிக் ஆசிட் ஒரு பாட்டில் எப்படியோ வாங்கியிருக்கிறான். கொல்லைப்புறத்தில் பிளாஸ்டிக் வாளியில் ஊற்றியிருக்கிறான். செம்பழுப்பு நிறத்தில் புகை வந்திருக்கிறது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு அரைமணி நேரம் பக்கத்திலேயே குந்தியிருக்கிறான். அப்போது கொஞ்சம் தொண்டை கரகரப்பு, கண் எரிச்சல், அவ்வளவுதான். குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிட்டான்.

வாசகர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்தப் பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. அதன் குணம் என்னவென்றால், அப்போதே ஆளைச் சாய்க்காது. தண்ணீரில் சட்டென்று கரையாததால் தொண்டையில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போகிறது. அங்கே ஈரத்தில் மெல்ல அமிலமாகிறது. பல மணி நேரம் கழித்து, சில சமயம் அடுத்த நாள்கூட, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பிழைத்துக்கொண்டான் என்று நினைக்கிற நேரத்தில்தான் வரும். துணி கட்டினால் தூசுதான் நிற்கும், இந்தப் புகை நிற்காது. புகையை இழுத்துவிட்டால் இருமல் இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், இன்ன ஆசிட் என்று சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். பையன் தப்பினான். வாளி அடியில் பாசி மாதிரி மஞ்சளாக ஏதோ நின்றிருந்ததாம். அக்கா அதை மண்ணைப் போட்டு மூடிவிட்டாள். கொல்லையில் அந்த மூலையில் இருந்த முருங்கைக் கன்று பட்டுவிட்டது.

ஆஸ்பத்திரியில் அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் பேரனிடம் சொன்னாள்: "உங்க தாத்தா எட்டாயிரம் அடி கீழ போய் வாங்கியாந்தத, நீ கொல்லையில குந்திகினே வாங்கிட்டியேடா."

அம்மா சொன்னது தங்கத்தை அல்ல. நைனா சாம்பியன் ரீஃபில் கல் உடைத்தவர். அந்தக் கல் வெள்ளைப் படிகக்கல், அதன் தூள் நுரையீரலில் போய்ச் சேர்ந்தால் திரும்பி வராது. சிலிகோசிஸ் என்று பெயர். இந்தியாவில் அந்நோய் முதன்முதலாகப் பதிவானது 1934-இல் நம் தங்கவயலில்தான். 1940-களில் ஏழாயிரத்துச் சொச்சம் தொழிலாளரைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் அது இருந்தது. நைனா ஓய்வு பெற்ற பிறகு ஒன்பது வருடம் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். படுத்தால் மூச்சு வராது. கம்பெனியில் தங்கம் கணக்கில் ஏறியது, தூசு எங்கள் வீட்டுக்கு வந்தது. பையனுக்கு அந்தக் கதையெல்லாம் தெரியும். தெரிந்தும் செய்தான் என்றால், மாதச் சம்பளத்தில் ரயில் பாஸும் சாப்பாடும் போக என்ன மிஞ்சுகிறது என்று கேட்டால் புரியும். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

சரி, தங்கம் எடுக்கக்கூடாது என்றால் பழைய போனை என்னதான் செய்வது? என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்.

முதலில், அது பழசுதானா என்று பாருங்கள். பாதிப் போன்கள் பேட்டரி நிற்கவில்லை என்பதற்காகவே பரணுக்குப் போகின்றன. பேட்டரி மாற்றினால் இன்னும் இரண்டு வருடம் ஓடும். நைனாவின் நோக்கியாவில் நகத்தால் மூடியைத் தள்ளி பேட்டரியை எடுத்துவிடலாம். இன்றைய போனில் பசை போட்டு ஒட்டி வைத்துவிடுகிறார்கள். கடைக்குப் போனால்தான் ஆகும். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி முதல் விற்கும் போன்களில் வாங்கியவரே பேட்டரி கழற்றிக்கொள்ள வசதி இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி சார்ஜர் விஷயத்தில் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்த அவர்களது உத்தரவால் நமக்கும் பலன் கிடைத்தது, இதிலும் கிடைக்கலாம். போன் உப்பியிருந்தால் மட்டும் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அது பேட்டரி தீப்பிடிக்கத் தயாராகிற அறிகுறி.

கணக்காகவே பார்ப்போம். ஒரு போனுக்குள் உள்ள தங்கம் முன்னூற்றைம்பது ரூபாய்கூட இல்லை. பதினைந்தாயிரத்துக்கு வாங்கிய போனை மூன்று வருடத்துக்குப் பதில் நான்கு வருடம் வைத்திருந்தால் வருடத்துக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் மிச்சம். மூன்று போனை ஆசிட்டில் போட்டாலும் அவ்வளவு தேறாது.

கணினியிலும் இதே கதை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு ஒரு குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். ஏறக்குறைய 2017-க்கு முந்தைய கணினிகள் அதில் தேறுவதில்லை. கேனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 24 கோடி கணினிகள் இதனால் குப்பைக்குப் போகலாம் என்று 2023-லேயே சொன்னது. அந்த அக்டோபரில் என் கடைக்கு வந்தவர்கள் பலர், "சார், இது செத்துப்போச்சா?" என்று மடிக்கணினியைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாகவில்லை ஐயா. வீட்டு உபயோகத்துக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் பெற அவர்களே வழி வைத்தார்கள். அதற்குப் பிறகும் உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று காசில்லாத இயங்குதளங்கள் இருக்கின்றன. பழைய எந்திரத்தில் நன்றாகவே ஓடும், திரையைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் பத்து வருடக் கணினியும் புதுசு மாதிரி எழுந்திருக்கும். வங்கி வேலைக்கு மட்டும் திருத்தம் வராத விண்டோஸைப் பயன்படுத்த வேண்டாம்.

உண்மையிலேயே உயிர் போன சாமானை, வீட்டு வாசலில் வருகிற பழைய சாமான்காரரிடம் போடாமல், அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் அல்லது அரசு அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். 2011-இல் வந்த மின்கழிவு விதிகள் தொடங்கி, விற்ற கம்பெனியே பழசைத் திரும்ப எடுக்கப் பொறுப்பு என்று ஆகியிருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் அது இன்னும் கறாராகியிருக்கிறது. காசு பெரிதாகத் தரமாட்டார்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். கொடுக்குமுன் சிம் கார்டு, மெமரி கார்டு இரண்டையும் எடுத்துவிடுங்கள். படங்களை வேறெங்காவது ஏற்றிவிட்டு, கூகுள் கணக்கிலிருந்தோ ஆப்பிள் கணக்கிலிருந்தோ வெளியேறி, பிறகு போனை ஃபாக்டரி ரீசெட் செய்யுங்கள். வரிசை மாறினால், அழித்த பிறகும் போன் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு அடம் பிடிக்கும்.

எங்கள் டப்பாவிலிருந்த பதினொன்றில் இரண்டு பேட்டரி மாற்றியதும் பிழைத்தன. ஒன்று அக்காவிடம், ஒன்று பக்கத்து லைன் பெண்ணின் படிப்புக்கு. எட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கியது அக்கா மகன்தான். நான் கூடப் போகவில்லை. எடை போட்டுத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிராம் என்று எழுதிக் கொடுத்தார்களாம். ரயிலில் வரும்போதே அதில் தங்கம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு எனக்குச் செய்தி அனுப்பினான்.

மீதி ஒன்று நைனாவின் நோக்கியா. அதில் சிம் இல்லை, யாருக்கும் பேச முடியாது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து, பெங்களூருக்கு மூன்று வருடம் முந்தியே மின்சாரம் பார்த்த ஊர் எங்களுடையது. இப்போது ஸ்கெலட்டனில் ராத்திரி கரண்ட் போனால் அம்மா தலைமாட்டில் கையை விட்டு அந்தப் போனைத்தான் தேடுகிறாள். டார்ச் நன்றாக எரிகிறது.